கேமரன் மலையில் பழைய வேன் வாங்குவோர் கவனத்துக்கு

திரிங்காப் - பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவர் ஆலயம், தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை அல்லது பத்துமலை. கேமரன் மலைத் தோட்டங்களிலிருந்து புறப்படும் உறுமி மேளக் குழுக்களும் காவடிக் குழுக்களும் மேளம், ஒலிபெருக்கி, சமையல் பாத்திரம், பாய், போர்வை என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான் மலை இறங்குகின்றன. இரவில் படுக்கையும் பல வேளைகளில் வண்டிக்குள்தான். ஒவ்வோர் ஆண்டும் வாடகைக்குக் கொடுக்கும் பணத்தில் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கிவிடலாமே என்ற பேச்சு எழுவது இயல்பு.

கேமரன் மலை என்றதும் பழைய லேண்ட் ரோவர்தான் நினைவுக்கு வரும். காய்கறித் தோட்டத்துச் செம்மண் பாதைக்கு அதற்கு இணை இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டவும், உள்ளே கால் நீட்டிப் படுக்கவும் அது உதவாது. அதற்கு வேன்தான் சரி.

சந்தையில் விலை குறைவாகக் கிடைப்பது நிசான் வனெட். டான் சொங் நிறுவனம் உள்நாட்டிலேயே பொருத்திய வண்டி என்பதால் உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். சின்னப் பட்டறைக்காரருக்கும் இதைப் பிரித்துப் பூட்டத் தெரியும். 1.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. 1996-இல் அறிமுகமான பெரோடுவா ரூசாவும் இதே வகைதான். விலை இன்னும் குறைவு, உடலும் சிறியது. வனெட்டுக்குப் பின் வந்த நிசான் என்.வி.200 வண்டியில் 1.6 லிட்டர் இயந்திரம் முன்பக்கம் இருப்பதால் தரை தாழ்வு. சரக்குப் பகுதி ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். படுக்க இதுவே வசதி. ஆனால் இது முன்சக்கர இழுவை வண்டி. பின்னால் பாரம் ஏற்றி, மழையில் நனைந்த தோட்டத்து மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் வழுக்கும். லயம்வரை தார்ச் சாலை உள்ளவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.

டொயோட்டா ஹைஏஸ், நிசான் ஊர்வான் இரண்டும் இடத்தில் தாராளம், விலையிலும் அப்படியே. இவற்றில் பல டீசல் வண்டிகள். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசலின் பொது உதவித்தொகை நீக்கப்பட்டு, லிட்டர் விலை 3 ரிங்கிட் 35 காசாக உயர்ந்தது. ஆண்டுக்குச் சில நெடும்பயணம், மற்ற நாளில் கடைக்குப் போய்வருவது என்றால் பெட்ரோல் வேனே போதும்.

மலைக்கு ஒரு தனிக் கணக்கு

கடல் மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் டர்போ இல்லாத இயந்திரம் ஏறக்குறைய ஒரு விழுக்காடு வலுவை இழக்கும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கோலாலம்பூரில் சுறுசுறுப்பாக ஓடிய 1.5 லிட்டர் வேன் இங்கே மூச்சு வாங்குவது அதனால்தான். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் இங்குள்ள பட்டறையில் எரிபொருள் கலவையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எனவே வேனைச் சமதரையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது வீண். திரிங்காப்பிலிருந்து கியா ஃபார்ம் ஏற்றத்தில் இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து ஓட்ட வேண்டும். மூன்றாவது கியரில் எண்ணெய் மிதிக்கும்போது இயந்திரம் மட்டும் இரைந்து வண்டி நகரத் தயங்கினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. ஏறி முடித்ததும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கக் கூடாது. மறுநாள் காலையில் திறந்து, நீரில் எண்ணெய்ப் படலமோ துருவோ இருக்கிறதா என்று பார்க்கலாம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வர வேண்டும். அப்போதும் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போனாலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ரிங்லெட்டிலிருந்து தாப்பா இறங்கும் வளைவுகளுக்கு அந்த வேன் லாயக்கில்லை. சிம்பாங் பூலாய் சாலை அகலமானது என்றாலும் இறக்கம் நீளம். பிரேக் அங்கும் சூடாகும்.

உள்ளூரில் விற்பனைக்கு வரும் வேன்கள் பெரும்பாலும் காய்கறி சுமந்தவை. ஈரக் கூடை, உரமூட்டை, கோழி எரு எல்லாம் தரைத் தகட்டை அரித்திருக்கும். விற்பவர் விரித்திருக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்க்கத் தயங்கக் கூடாது. புத்தம் புது விரிப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. தரையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் மட்டுமா உள்ளே வரும்? புகைக்குழாயும் கசிந்தால் அந்தப் புகை படுத்திருப்பவரின் மூக்குக்கு நேராக வரும்.

வெளியூர் வேனில் வேறு சிக்கல். 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் பகாங்கிலும் வெள்ளம் மூழ்கடித்த வாகனங்கள் ஏராளம். பாதுகாப்பு வாரை முழுவதும் இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் வண்டல் கறை தெரியும். இருக்கையின் அடி ஆணிகளும் துருப்பிடித்திருக்கும்.

எவ்வளவு ஏற்றலாம்?

சரக்கு வேனின் பக்கவாட்டில் பி.டி.எம். என்று இரண்டு எடைகள் எழுதியிருப்பார்கள். தமிழில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், மலாயில் அப்படியில்லை. ஒன்று 'பெராட் தன்பா முவாத்தான்', அதாவது வெற்று எடை. மற்றது 'பெராட் டெங்ஙான் முவாத்தான்', பாரத்தோடு உள்ள உச்ச எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் ஏற்றக்கூடிய எடை கிடைக்கும். அதில் ஓட்டுநரும் உடன் வருபவரும் அடக்கம்.

பெனல் வேனில் முன்னால் மட்டும்தான் இருக்கை. பின்னால் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே பிள்ளைகளை உட்கார வைத்துக் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். திடீரென்று பிரேக் பிடித்தால் அத்தனை பொருளும் அவர்கள் மேல்தான் விழும். குடும்பமாகப் போகிறவர்கள் இருக்கையும் வாரும் உள்ள கண்ணாடி வேனைத் தேட வேண்டும். பெனல் வேனை வாங்கிப் பிறகு கண்ணாடி வெட்டி இருக்கை பூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஜேபிஜே ஒப்புதல் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. கழற்றி எடுக்கக்கூடிய பலகையும் மெத்தையும் படுக்கைக்குப் போதும்.

கிராண்டைப் படிக்காமல் பணம் வேண்டாம்

வாகனப் பதிவு அட்டையில் உள்ள சேசிஸ் எண்ணையும் இயந்திர எண்ணையும் வண்டியோடு ஒப்பிட வேண்டும். பயன்பாட்டு வகை சொந்தப் பயன்பாடா, சரக்கு வாகனமா என்பதையும் பார்க்க வேண்டும். சரக்கு வாகனம் என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். உரிமம் தேவையா என்பதை வாங்கும் முன்பே ஜேபிஜேயிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தீராத வங்கிக் கடன், கட்டாத சம்மன் இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது.

தோட்டத்து இளைஞர்கள் அதிகம் ஏமாறும் இடம் 'சம்போங் பாயார்'. "மாதத் தவணையை நீ கட்டு, வேனை நீயே வைத்துக்கொள்" என்று கைமாற்றிவிடுவார்கள். கடன் விற்றவர் பெயரில், வேனும் அவர் பெயரில். வங்கி இழுத்துக்கொண்டு போனால் கட்டிய பணத்துக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி வங்கிக்குத் தெரியாமல் இப்படிக் கைமாற்ற முடியாது. பழைய வேனுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பதால்தான் பலர் இந்த வலையில் விழுகிறார்கள். சேமித்து, ரொக்கத்தில் கிடைக்கிற சிறிய வேனை வாங்குவது மேல்.

கையில் 15,000 ரிங்கிட் இருந்தால் வேனுக்கு 12,000-க்கு மேல் கொடுக்க வேண்டாம். மிச்சம் டயர், பெல்ட், பிரேக், எண்ணெய், காப்புறுதி ஆகியவற்றுக்கே சரியாகும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பூ தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் மலையிறக்கத்துக்கு ஆகாது.

வேனில் தூங்கும்போது

மலையில் இரவுக் குளிர் கடுமை. இயந்திரத்தை ஓடவிட்டுக் கதவையும் கண்ணாடியையும் இறுக மூடிக்கொண்டு தூங்கியவர்கள் மறுநாள் எழாத சம்பவங்கள் நாட்டில் நடந்துள்ளன. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இயந்திரம், ஜெனரேட்டர், கரியடுப்பு, கேஸ் அடுப்பு எதுவும் தூங்கும் வேனுக்குள்ளோ அதை ஒட்டியோ எரியக் கூடாது. எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி, கொசுவலைத் துணியை ஒட்டிவிட்டு, தடித்த போர்வையோடு படுக்கலாம். வெற்றுத் தகட்டின் மேல் நேராகப் பாயை விரித்தால் நள்ளிரவில் முதுகு சில்லிட்டுவிடும். அடியில் ஒட்டுப்பலகையும் நுரை மெத்தையும் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.