கன்னத்துப் புண்ணுக்கு வேர் எங்கே?

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். கன்னத்தின் அடியில், தாடை ஓரமாக ஒரு சின்னக் கட்டி. உடையும், காயும், மறுபடி வரும். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டார். கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். ஏழு மாதம் ஓடிவிட்டது. பள்ளிக்கு வந்த பல் தாதிதான் அவன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "முதல்ல இந்தக் கடைவாய்ப் பல்லைப் பாருங்க" என்றார். "பல் வலிச்சதா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர்."

வலிக்காததுதான் சிக்கலே. சொத்தை உள்ளே போய்ப் பல்லின் நரம்பு செத்துவிட்டால் வலி அடங்கிவிடும். வேர் நுனியில் சேரும் சீழ் மட்டும் எலும்பை அரித்து வழி தேடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் ஈறில் உடையும். சில வேளை கன்னத்திலோ மோவாயிலோ தோலைத் துளைத்து வெளிவரும். பார்ப்பவருக்கு அது வெறும் தோல் புண்!

பல்வேரில் சீழ் கட்டுவது மருத்துவர்களுக்குப் பழைய செய்திதான். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1778-லேயே பல் நோய்களுக்கென்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். ஆனால் வேர் எலும்புக்குள் அல்லவா இருக்கிறது? அதை யார் பார்த்தார்கள்?

1895 இறுதியில் ஜெர்மனியில் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1896 ஜனவரியிலேயே பிரவுன்ஷ்வைக் நகரப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப், கறுப்புக் காகிதமும் ரப்பரும் சுற்றிய சிறு கண்ணாடித் தகட்டைத் தம் வாயிலேயே வைத்துக்கொண்டு 25 நிமிடம் கதிரில் அசையாமல் இருந்தார். (நம்ம பிள்ளைகள் இரண்டு நிமிடம் இருப்பார்களா!) பல் படமாக விழுந்தது.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் எட்மண்ட் கெல்ஸும் அதே ஆண்டில் தொடங்கியவர்தான். கதிரின் ஆபத்து தெரியாத காலம். வருடக்கணக்கில் கதிர் பட்ட கையில் புற்று வந்தது. முதலில் விரல்கள் போயின, பிறகு கை. 1928-இல் இறந்தார். இன்று நொடியில் எடுக்கும் எக்ஸ்ரேக்குப் பின்னால் இப்படியும் ஒரு விலை உண்டு.

நம்ம மாணவனின் படத்தில் வேர் நுனியில் ஒரு கறுப்பு நிழல் தெரிந்தது. வேர் சிகிச்சை செய்தார்கள். சில வாரத்தில் புண் தானாக மூடியது. இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கிறான். அந்த இடத்தில் ஒரு சின்னக் குழி மட்டும் இருக்கிறது.