சேலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை

கட்சி மாநாடு என்றதும் நம் நினைவில் எழுவது தோரணங்களும் ஊர்வலமும் நள்ளிரவு வரை நீளும் சொற்பொழிவுகளும்தான். ஒரு கட்சி தன் மாநாட்டில் கூடித் தன்னையே கலைத்துக்கொள்வது அரிது. கலைத்துக்கொண்டதா, வேறு உருவெடுத்ததா என்பதில் அதன் வாரிசுகளே ஒத்துப்போகாமல் இருப்பது அதனினும் அரிது. 1944 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமையன்று சேலத்தில் அப்படியொரு மாநாடு நடந்தது. தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தின் பதினாறாவது மாகாண மாநாடு அது. இப்பெயரைச் சொன்னால் இன்று பலருக்கு விளங்காது. ஜஸ்டிஸ் கட்சி, அல்லது நீதிக்கட்சி, என்றால் விளங்கும்.

இந்தப் பெயர்க் குழப்பத்திலிருந்தே தொடங்கலாம். 1916 நவம்பர் 20 அன்று சென்னையில் பிட்டி தியாகராயரும் டி. எம். நாயரும் நடேச முதலியாரும் மற்றவர்களும் கூடித் தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டிலேயே மூன்று மொழிகளில் பத்திரிகை நடத்தியது. ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்', தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திரப் பிரகாசிகா'. மக்கள் வாயில் கட்சிக்கு நிலைத்தது ஆங்கிலப் பத்திரிகையின் பெயர். அதில் வியப்பில்லை, அதன் தலைவர்கள் பேசிய மொழியும், மனுக்கள் எழுதிய மொழியும், சட்டசபையில் வாதாடிய மொழியும் ஆங்கிலம்தான். இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு சேலத்தில் கட்சி சூடிக்கொண்ட பெயர், ஏறக்குறைய அந்தத் தமிழ்ப் பத்திரிகையின் பெயராக இருந்தது. இது தற்செயல்தான். ஆயினும் ஒரு கட்சி ஆங்கிலத் தாளின் பெயரிலிருந்து தமிழ்த் தாளின் பெயருக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட காலம் நமக்குச் சுவையான செய்தியாகவே படுகிறது.

1944இல் ஜஸ்டிஸ் கட்சி சிறிய கட்சி. அப்படிச் சொல்வது அதன் பழம்பெருமையை அறிந்தோருக்கு உறுத்தலாம். 1920 தேர்தலுக்குப் பின் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரவையை அமைத்தது அதுதான். சுப்பராயலு ரெட்டியார், பனகல் அரசர், முனுசாமி நாயுடு, பொப்பிலி அரசர் என முதலமைச்சர்களின் வரிசை உண்டு. அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பங்கீட்டுக்கான ஆணையும் இந்து அறநிலையச் சட்டமும் அது விட்டுச்சென்ற தடங்கள். ஆனால் 1937 தேர்தல் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போயிற்று. 215 இடங்கள் கொண்ட சட்டசபையில் காங்கிரஸ் 159 இடங்களைக் கைப்பற்றியது. பொப்பிலி அரசர் தம் சொந்தச் சமஸ்தானத்தின் பெயரைத் தாங்கிய தொகுதியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். ஜமீன்தார் ஒருவர் தம் குடிகளிடமே தோற்பது, எண்ணிக்கையைக் காட்டிலும் பெரிய தோல்வி.

அதன்பின் கட்சிக்கு உயிர் வந்தது சிறைச்சாலையிலிருந்து. ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது எழுந்த கிளர்ச்சியில் ஈ. வெ. ரா. சிறை சென்றார். 1938 டிசம்பரில் சென்னையில் கூடிய ஜஸ்டிஸ் மாநாடு, சிறையிலிருந்தவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த திருவாரூர் மாநாடு 1940இல் தனித் திராவிட நாடு கேட்டது. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவிடம் சென்று அதையே கேட்டு, வெறுங்கையோடு திரும்பியும் ஆயிற்று. சேலத்துக்குப் பத்து நாள் முன்னால், ஆகஸ்ட் 17ஆம் நாள், ஜின்னாவிடமிருந்து ஈ. வெ. ரா.வுக்குக் கடிதம் வந்தது: அனுதாபம் உண்டு, ஆனால் தாம் முஸ்லிம்களுக்காகவே பேச இயலும் என்பது அதன் சாரம். எவர் கையையும் பற்றிக்கொண்டு கரையேற முடியாது என்பது அந்த ஆகஸ்டில் தெளிவாகிவிட்டது.

இந்தப் பின்னணியை மனத்தில் கொள்ளாவிட்டால் சேலத்துத் தீர்மானம் வெறும் பட்டத் துறவாகத் தோன்றிவிடும். கட்சிக்குள் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒருபுறம் சர், திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் என்று பெயருக்கு முன்னால் பிரிட்டிஷார் ஒட்டிவைத்த பட்டங்களோடு நடமாடியவர்கள், கௌரவ மாஜிஸ்திரேட்டுகள், நியமனத்தால் உள்ளாட்சி அவைகளில் அமர்ந்தவர்கள். மறுபுறம் சுயமரியாதை இயக்க மேடைகளிலும் இந்தி எதிர்ப்பு மறியலிலும் வளர்ந்த இளைஞர்கள். இவர்களிடம் துறப்பதற்குப் பட்டம் எதுவும் இல்லை. முதியவர்களுக்கு ஈ. வெ. ரா.வின் தலைமை கசந்தது. அவரது நாத்திகம் அதைவிடக் கசந்தது. தலைமையை மாற்ற வேண்டும் என்ற பேச்சு வெளிப்படையாகவே நடந்தது.

தீர்மானத்தை முன்வைத்தவர் காஞ்சிபுரத்து அண்ணாதுரை. வயது முப்பத்து நான்கு. பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. முடித்தவர், சென்னை மாநகராட்சித் தேர்தலில் ஒருமுறை நின்று தோற்றவர், 'திராவிட நாடு' வார இதழை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வந்தவர். வரலாற்றில் அது 'அண்ணாதுரை தீர்மானம்' என்றே நிலைத்துவிட்டது. அரசு அளித்த பட்டங்களை உறுப்பினர்கள் துறக்க வேண்டும். கௌரவப் பதவிகளையும் நியமனப் பதவிகளையும் விட்டு விலக வேண்டும். கட்சி தேர்தலில் நிற்கக்கூடாது. கட்சியின் பெயர் இனித் 'திராவிடர் கழகம்'. அதன் சாரம் இவ்வளவுதான். இவற்றுள் எந்த ஒன்றை எடுத்தாலும் மேடையின் முன்வரிசையில் அமர்ந்திருந்தோரில் பாதிப் பேருக்கு எழுந்து போவதைத் தவிர வழியில்லை. எழுந்து போக வேண்டும் என்பதே அதன் நோக்கமும் ஆகும் என்று நாம் கருதுகிறோம். கொள்கைத் தீர்மானத்தின் சொற்களில் எழுதப்பட்ட நீக்க உத்தரவு அது. எவர் பெயரும் குறிப்பிடப்படவில்லை. பட்டங்களின் பெயர்களே போதுமானவையாக இருந்தன.

தலைவர் தாமே கொண்டுவராமல் இளைஞரைக் கொண்டு ஏன் முன்மொழியச் செய்தார் என்று கேட்பதுண்டு. நம் ஊகம் எளிமையானது. ஈ. வெ. ரா. ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்தவர், செல்வந்த வணிகக் குடும்பத்தவர்; பதவிகளைத் துறந்துவிட்டுப் பொதுவாழ்வுக்கு வந்தவர் என்றாலும், பழைய தலைவர்களின் உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர். அண்ணாதுரையோ அந்த உலகத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர். பட்டத்தைத் துற என்று சொல்லும் குரல், பட்டமே கிட்டியிராத வீட்டிலிருந்து வருவதுதான் பொருத்தம்.

பெயரைப் பற்றியும் சற்று நின்று பேச வேண்டும். 'தமிழர்' என்று வைத்தால் தமிழ் பேசும் பிராமணரும் உள்ளே வந்துவிடுவர் என்பது 'திராவிடர்' என்ற சொல்லுக்கு ஈ. வெ. ரா. சொன்ன நியாயம். அவர் வழியில் அது தர்க்கம்தான். ஆனால் ஒரு முரண் இருக்கிறது. ஜஸ்டிஸ் கட்சி தெலுங்கு ஜமீன்தார்களும் மலையாளிகளும் தமிழர்களும் கலந்திருந்த கட்சி, டி. எம். நாயரே மலையாளி. தென்மொழிக்காரர் அனைவரும் உண்மையிலேயே உள்ளே இருந்தபோது அதற்குத் திராவிடர் என்ற பெயர் இல்லை. தெலுங்குத் தலைவர்களும் அவர்தம் செல்வாக்கும் விலகி, ஏறக்குறையத் தமிழ் மாவட்டங்களின் கட்சியாகச் சுருங்கிய பின்னர்தான் அந்த அகன்ற பெயர் வந்தது.

வெளியேறியவர்களை நமது நூல்கள் இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. பதவிப்பித்தர்கள், வெள்ளையரின் அடிவருடிகள் என்று ஒரு தீர்ப்பு, அத்தோடு சரி. சர் பி. டி. ராஜனை எடுத்துக்கொள்வோம். உத்தமபாளையத்துக்காரர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். 1950இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையான பின், புதிய ஐயப்பன் திருவுருவத்தை வழங்கியவர் அவர். மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணியை முன்னின்று நடத்தி 1963இல் குடமுழுக்குக் கண்டவரும் அவரே. கோயிலில் பிராமணரின் தனியுரிமையை எதிர்ப்பதும் கோயிலையே எதிர்ப்பதும் அவருக்கு வெவ்வேறு காரியங்கள். சேலத்தில் அவருடைய தரப்பு இழந்தது பட்டத்தை மட்டுமன்று. பக்தராக இருந்துகொண்டே பிராமணரல்லாதார் அரசியல் செய்யலாம் என்ற இடத்தையும் இழந்தது. அவர்கள் தங்களையே உண்மையான ஜஸ்டிஸ் கட்சி என்று சொல்லிக்கொண்டு பழைய பெயரில் தொடர்ந்தார்கள்.

மறுதரப்பு விமரிசனமும் உடனே வந்தது, எதிர்பாராத இடத்திலிருந்து. சேலத்துக்கு அடுத்த மாதம் அம்பேத்கர் சென்னை வந்தார். 'சண்டே அப்சர்வர்' ஆசிரியர் பி. பாலசுப்ரமணியம் அளித்த விருந்தில் ஜஸ்டிஸ் கட்சியின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசினார். சிலருக்கு அரசு வேலை வாங்கித் தருவதையே திட்டமாகக் கொண்டு, கிராமங்களில் வாழும் பெரும்பான்மைப் பிராமணரல்லாதாரை அது மறந்தது என்பதும், பிராமணியத்தைச் சாடியோர் பலர் தாமே அதன் பழக்கங்களைப் பற்றிக்கொண்டிருந்தனர் என்பதும் அவர் சொன்னவற்றின் சாரம். விருந்தளித்தவரோ ஈ. வெ. ரா.வோடு முரண்பட்ட அணியைச் சேர்ந்தவர். விருந்தோம்பியவரின் மேசையிலேயே இதைச் சொல்ல அம்பேத்கரால்தான் முடியும்.

தேர்தல் வேண்டாம் என்ற விரதம் எவ்வளவு காலம் நின்றது? திராவிடர் கழகத்தில் அது இறுதிவரை நின்றது. ஆனால் தீர்மானத்துக்குத் தம் பெயரைத் தந்தவரிடம் நிற்கவில்லை. 1949 செப்டம்பர் 17 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் பிறந்த தி.மு.க., 1956 மே மாதம் திருச்சியில் நான்கு நாள் மாநில மாநாடு கூட்டியது. தேர்தலில் நிற்கலாமா என்று வந்திருந்தோரிடமே வாக்குக் கேட்டது. வேண்டும் என்றோர் 56,942 பேர். வேண்டாம் என்றோர் 4,203 பேர். சேலத்தில் மேடையிலிருந்து இறங்கிய முடிவு, திருச்சியில் பெட்டிக்குள்ளிருந்து எண்ணி எடுக்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்த அந்த நாலாயிரத்துச் சொச்சம் பேரில் சேலத்துத் தீர்மானத்துக்குக் கைதட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க நம்மால் முடிவதில்லை. அவர்களுக்கு அண்ணா மாறியது கொள்கை வளர்ச்சியாகத் தெரிந்திருக்காது.

பழைய பெயரில் நின்ற ஜஸ்டிஸ் கட்சி 1952 பொதுத்தேர்தலில் போட்டியிட்டது. கம்பம் தொகுதியில் பி. டி. ராஜன் வென்றார். அது அப்பெயருக்குக் கிடைத்த கடைசி இடம். 1968இல் கட்சியின் பொன்விழா மலர் வெளிவந்தபோது கோட்டையில் முதலமைச்சராக அமர்ந்திருந்தவர், இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயரை அழிக்கத் தீர்மானம் கொண்டுவந்த அண்ணாதுரை. ராஜன் 1974இல் மறைந்தார். அவருடைய மகன் பழனிவேல்ராஜன் தி.மு.க.வில் சேர்ந்து 1996இல் சட்டப்பேரவைத் தலைவரானார். நெற்றியில் குங்குமத்தோடுதான் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.