ஓசூர்ச் சாலை கற்பிக்கும் பாடம்

பெங்களூரின் மடிவாளம் பகுதியில் பழமையான சோமேசுவரர் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, வேப்பூர்வாசி ஒருவர் வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைத் தானமாக அளித்த செய்தியைக் கூறுகிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வெங்களூர் என்பது இன்றைய பெங்களூர். அந்தப் பேகூரிலேயே, ஏறக்குறைய கி.பி. 890-ஐச் சேர்ந்த கன்னட வீரக்கல் ஒன்று பெங்களூரில் நடந்த ஒரு போரைக் குறிப்பிடுகிறது. இந்நகரின் பெயரை நமக்கு அறிவிக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று கன்னடத்திலும் மற்றொன்று தமிழிலுமாக, நகரின் ஒரே திசையில், சில மைல் தூரத்துக்குள் அமைந்திருப்பது கருதத் தக்கது.

அத்திசையிலேதான் ஓசூர்ச் சாலை செல்கிறது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்று, எல்லைப்புறத்து அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூரை அடையலாம். அங்கிருந்து கிருஷ்ணகிரிக்குச் சென்றால், ஒரு கிளை வேலூர் வழியாகச் சென்னைக்கும், மற்றொன்று தருமபுரி, சேலம் வழியாகத் தென்மாவட்டங்களுக்கும் பிரிகின்றன. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் இடப்படும் வரை இது 7-ஆம் எண் சாலை. பின்னர் 44-ஆம் எண் சாலை. எண் எதுவாயினும், பெங்களூர்வாழ் தமிழருள் பெரும்பாலோர்க்கு இது ஊருக்குப் போகும் வழி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின இரவுகளில், மடிவாளத்தில் மூட்டை முடிச்சுகளோடு பேருந்துக்காகக் காத்து நிற்பவர்களைக் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இச்சாலையை எவ்வாறு திருத்தி அமைப்பது என்ற கேள்வியில் நமக்கும் பங்கு உண்டு. அதற்கு விடை காண, சாலை எவ்வாறு இந்நிலைக்கு வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1537-இல் கெம்பே கௌடர் பெங்களூரை நிறுவியபோது, பேட்டையைச் சூழ்ந்த மண்கோட்டையின் வாயில்கள் அவ்வவ்வழி சென்றடையும் ஊர்களின் பெயரையே பெற்றன. அல்சூர் வாயில், எலகங்கா வாயில், ஆனேக்கல் வாயில் என்பன அத்தகையவை. தமிழ்நாட்டுடன் நிகழ்ந்த பெரும் போக்குவரத்து அக்காலத்தில் கிழக்கு வழியாகவே நடந்தது. 1791-இல் காரன்வாலிசின் படை வேலூர்ப் பக்கமிருந்து கோலார், ஹோஸ்கோட்டே வழியாகவே வந்து பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றியது. 1809-இல் கண்டோன்மெண்ட் அமைந்தபின், சென்னைப் படையுடனும் அதன் பின்னாலும் வந்த தமிழர் அல்சூர்ப் பக்கத்தில் குடியேறினர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்டுக்கு ரயில் வந்தது. இவற்றுக்கிடையே ஓசூர்ப் பாதை ஆரவாரமற்ற கிராமப் பாதையாகவே கிடந்தது. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பயின்றபின் உயர்கல்விக்குப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குச் சென்றார். அந்நாளில் இரு ஊர்களுக்கும் இடையே இருந்தவை வயல்களும் ஏரிகளும் சிற்றூர்களுமே.

சுதந்திரத்தை ஒட்டி எழுந்த பெருந்தொழிற்சாலைகளும் வேறு திசைகளையே நாடின. விமானத் தொழிற்சாலை 1940-லும், தொலைபேசித் தொழிற்சாலை 1948-லும் நகரின் கிழக்கே தோன்றின. ஓசூர்ச் சாலையின் தலைவிதி மாறியது 1970-களில்தான். எல்லைக்கு அப்பால், 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய தொழிற்சாலைகள் அங்கே எழுந்தன. எல்லைக்கு இப்பால், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், அதன் தலைவர் ஆர்.கே. பாளிகாவின் முயற்சியால், 1978-இல் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 1990-களில் மென்பொருள் தொழில் செழித்தபோது அவ்விடம் உலகறிந்த பெயராயிற்று. இவ்வாறு இரண்டு அரசாங்கங்கள் ஒரே சாலையின் இரு முனைகளிலும் தொழிலை வளர்த்தன. சாலையின் அகலமோ அந்த வளர்ச்சியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

இதற்கிடையே மற்றொரு மாறுதல் நிகழ்ந்தது. நகருக்குள் லாரிகள் நுழையாமல் சுற்றிச் செல்லும் பொருட்டு, பெங்களூர் வளர்ச்சி ஆணையம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீள வெளி வட்டச் சாலையை 1996 முதல் 2002 வரை கட்டங்கட்டமாக அமைத்தது. வெளி வட்டம் என்ற பெயர் நெடுநாள் பொருந்தவில்லை. நகரம் அதைத் தாண்டி வளர்ந்தது. லாரிகளுக்கென வகுத்த சாலையின் இருமருங்கிலும், குறிப்பாகக் கிழக்குப் பகுதியில், அலுவலகக் கட்டடங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. அவ்வட்டச் சாலையும் ஓசூர்ச் சாலையும் சந்திக்கும் இடத்தில் மத்திய பட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. 1948-இல் சட்டப்படி அமைந்து, பட்டுப்புழு வளர்ப்பையும் பட்டு நெசவையும் பேணிவரும் அந்த வாரியத்தின் பெயர், சில்க் போர்டு என்ற வடிவில், போக்குவரத்து நெரிசலுக்கே மறுபெயராக நாடெங்கும் பரவிவிட்டது.

இந்நெரிசலுக்குப் பரிகாரமாக வந்ததே மேம்பாலச் சாலை. பொம்மனஹள்ளி அருகிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்துக்கு, தூண்களின்மேல் நான்கு தடங்களுடன் கட்டப்பட்ட இச்சுங்கச் சாலை 2010 ஜனவரியில் திறக்கப்பட்டது. நெடுந்தூரம் செல்லும் வாகனங்கள் மேலேயும், உள்ளூர் வாகனங்கள் கீழேயும் செல்ல வேண்டும் என்பதே இதன் தத்துவம். நடுவழியில் பயணம் எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் மேலிருந்து இறங்கும் வாகனங்கள் சில்க் போர்டிலே வந்து குவிந்தன. தடை நீங்காமல் இடம் மாறி நின்றது.

பாலத்தின் கீழே வாழ்வோர்க்கும் சாலையில் உரிமை உண்டு. பொம்மனஹள்ளி முதலிய இடங்களில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் மிகுதி. அங்கே வேலை செய்வோருள் பெரும்பாலோர் பெண்கள்; அவர்கள் நடந்தும் பேருந்தில் ஏறியும் வேலைக்கு வருபவர்கள். 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதி விதியில் செய்யப்பட்ட மாற்றத்தை எதிர்த்து அவர்கள் இச்சாலையில் இறங்கி மறித்தனர். மத்திய அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. சாலைத் திட்டங்களின் வரைபடத்தில் எளிதில் இடம்பெறாத மக்கள் எத்தனை பேர் அதன் ஓரத்தில் வாழ்கிறார்கள் என்பதை நகரம் அன்று கண்டது.

அகலப்படுத்திய சாலை ஏன் மீண்டும் நிரம்புகிறது? அமெரிக்கப் பொருளியலறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1962-இலேயே இதற்கு விளக்கம் அளித்தார். சாலை விரிந்தவுடன் பயணம் எளிதாகிறது. அதுகாறும் வேறு வழியில், வேறு நேரத்தில், அல்லது ரயிலில் சென்றவர்கள் அச்சாலைக்குத் திரும்புகிறார்கள். பயணம் எளிதென்று கண்டு, தொலைவில் வீடு வாங்குவோரும் அலுவலகம் கட்டுவோரும் பெருகுகிறார்கள். முடிவில் பழைய நெரிசலே அதிக வாகனங்களுடன் வந்து சேர்கிறது. 1986-இல் நிறைவுற்ற இலண்டன் மாநகரின் எம்-25 வட்டச் சாலை பலமுறை அகலப்படுத்தப்பட்டும் நெரிசலுக்குப் பெயர்பெற்றதாகவே விளங்குகிறது. ஓசூர்ச் சாலை அனுபவித்ததும் இதுவே. இதனால் சாலையே வேண்டாம் என்பது முடிபாகாது. சாலையை மட்டும் தனியாகத் திட்டமிடலாகாது என்பதே முடிபு.

நீண்டகாலத் திட்டத்துக்கு முதல் தேவை, நிலம். 1898-இல் கொள்ளைநோய் பெங்களூரை வாட்டியபின், பசவனகுடியும் மல்லேசுவரமும் உருவாயின. அங்கே முதலில் வீதிகள் வகுக்கப்பட்டன. பிறகு வீடுகள் எழுந்தன. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இம்முறை தலைகீழாயிற்று. வெளி வட்டச் சாலைக்கும் அப்பால் ஒரு புறவட்டச் சாலை அமைக்க 2005 முதல் 2007 வரை நில எடுப்பு அறிவிக்கைகள் வெளிவந்தன. ஆண்டுகள் பல உருண்டும் சாலை எழவில்லை. நிலத்தை விற்கவும் வழியின்றி, வீடு கட்டவும் வழியின்றி, இழப்பீடும் கைக்கு வராமல் உழவர்கள் தவித்தனர். நிலத்தின் விலையோ திட்டத்தின் செலவைப் பன்மடங்கு உயர்த்தியது. நகரின் பெருந்திட்டத்தின் கதையும் இதுவே. 2007-இல் ஒப்புதல் பெற்ற திட்டம் 2015-ஆம் ஆண்டு வரைக்குமானது. அடுத்து 2031-ஐ நோக்கி வரையப்பட்ட திட்டம் 2020-இல் திரும்பப் பெறப்பட்டது. நிலத்தை முன்கூட்டியே ஒதுக்குதலும், ஒதுக்கியதற்கு உடனே நியாயமான விலை கொடுத்தலும் இணைந்து நடவாவிடில், திட்டம் என்பது ஏழையின் நிலத்தின்மேல் வைத்த பூட்டாகிவிடும்.

இரண்டாவது தேவை, நீருக்கு வழி. பெங்களூரின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழிந்தோடும்படி இராஜ கால்வாய்களால் இணைக்கப்பட்டவை. மேட்டு ஏரி நிரம்பினால் பள்ளத்து ஏரிக்கு நீர் செல்லும். அவ்வழிகள் குறுகியும் மறைந்தும் போனதன் பலனை 2022 செப்டம்பரில் நகரம் கண்டது. பெல்லந்தூர் அருகே வெளி வட்டச் சாலை வெள்ளத்தில் மூழ்கியது. அலுவலகம் சென்றோர் டிராக்டர்களில் ஏறிச் சென்றனர். நீரின் பழைய பாதையை அறியாத பொறியியல், எத்துணை வலிய காரை கொண்டு கட்டினும் ஒரு மழைக்குத் தாங்காது.

மூன்றாவது தேவை, வரிசைமுறை. எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்பதே திட்டத்தின் உயிர். ஓசூர்ச் சாலையில் வாகன மேம்பாலம் 2010-இல் வந்தது. இராஷ்ட்ரீய வித்யாலயா சாலையிலிருந்து சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திராவுக்குச் செல்லும் 19 கிலோமீட்டர் மெட்ரோ மஞ்சள் தடம், 2025 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் மக்கள் வாளாவிருக்கவில்லை; இருசக்கர வாகனமோ காரோ வாங்கி, அதற்கேற்பவே வீட்டையும் வேலையையும் அமைத்துக்கொண்டனர். அப்பழக்கத்தை மாற்றுவது இருப்புப்பாதை போடுவதைவிடக் கடினம். வெளி வட்டச் சாலையில் 2019-இல் பேருந்துகளுக்கெனத் தனித் தடம் ஒதுக்கினார்கள். ஐம்பது பேரை ஏற்றிய பேருந்து, ஒருவரை ஏற்றிய காருக்குப் பின்னால் காத்து நிற்கலாகாது என்னும் நல்ல கொள்கை அது. அத்தடமும் நிலைக்கவில்லை. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை நகருக்கடியில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலை அமைக்கும் யோசனை பெரும் விவாதத்துக்கு உள்ளாகியிருக்கிறது. கார்களுக்கு மேலே ஒரு பாலம் அமைத்தும் தீராத குறை, கீழே ஒரு சுரங்கம் அமைத்தால் தீருமா என்று கேட்போரின் கேள்வியைப் புறக்கணிக்க இயலாது.

நான்காவது தேவை, பொறுப்பேற்கும் ஒரு கை. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், வளர்ச்சி ஆணையம், மாநகராட்சி, மெட்ரோ நிறுவனம், பேருந்துக் கழகம், போக்குவரத்துக் காவல்துறை எனப் பலரும் ஒரே சாலையைத் திருத்த முற்பட்டால், ஒருவர் போட்டதை மற்றவர் தோண்டுவதே மிஞ்சும். இதனை உணர்ந்து, 2022 இறுதியில் கர்நாடகச் சட்டமன்றம் பெங்களூர்ப் பெருநகருக்கு நிலவழிப் போக்குவரத்து ஆணையம் ஒன்றை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் ஏட்டில் இருப்பது ஒரு படி. அதற்கு உண்மையான அதிகாரம் அளிப்பதே அடுத்த படி.

இவற்றோடு, தமிழராகிய நாம் தனியாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. மஞ்சள் தடம் பொம்மசந்திராவில் நின்றுவிடுகிறது. அத்திப்பள்ளியும் ஓசூரும் அதற்கப்பால் இருக்கின்றன. அத்தடத்தை ஓசூர் வரை நீட்டும் யோசனை இரு மாநிலங்களுக்கிடையே பேசப்பட்டு வந்திருக்கிறது. நாள்தோறும் எல்லையைக் கடந்து வேலைக்குச் செல்வோர்க்கு மாநில எல்லை என்பது வழியில் வரும் ஒரு பலகையே. அவர்களுள் கன்னடரும் உண்டு, தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு. 1970-களில் இரு அரசாங்கங்களும் தனித்தனியே தொழிற்பேட்டை வளர்த்து, இடையிலுள்ள சாலையைத் தானே வளர விட்டன. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கான திட்டத்தையும் அவ்வாறே எல்லைக்கு இருபுறமும் தனித்தனி மேசைகளில் வரைந்தால், நெரிசல் சில்க் போர்டிலிருந்து அத்திப்பள்ளிக்கு இடம் பெயருமேயன்றி நீங்காது. இரு மாநிலத்தாரும் ஒரே வரைபடத்தின் முன் அமர்தல் வேண்டும்.