மெர்டேக்கா சதுக்க ஓவியங்கள்

கோலாலம்பூரின் மெர்டேக்கா சதுக்கத்தையும் அதைச் சூழ்ந்த ஆங்கிலேயர் காலக் கட்டடங்களையும் உள்ளது உள்ளபடி தீட்டிய ஓவியங்கள் இவை. பெரும்பாலும் நீர்வண்ணத்தில் அமைந்தவை. கட்டடக் கலைஞர் சென் வூன் ஃபீயின் எழுத்தோடு நூலாக வந்த சின் கொன் யிட்டின் படங்கள் பரவலாக அறியப்பட்டவை.

இத்தகைய ஓவியத்தில் முதலில் பார்க்க வேண்டியது காலம். ஓவியர் ஆண்டு குறிக்காவிட்டாலும் கட்டடங்கள் காட்டிக்கொடுத்துவிடும். செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறிமாறி வரும் வளைவுகளோடு சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் எழுந்து முடிந்தது 1897இல். கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன் அதை முதலில் ஐரோப்பிய பாணியில்தான் வடிவமைத்தார். பொதுப்பணித் துறைத் தலைவர் ஸ்பூனர் அந்த வடிவமைப்பை விரும்பாததால், ஆர். ஏ. ஜே. பிட்வெல் இஸ்லாமிய பாணிக்கு மாற்றினார். பக்கத்தில் வெண்ணிற டாயாபூமி கோபுரம் தெரிந்தால் காட்சி 1980களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. வானளாவிய கொடிக்கம்பம் நின்றால், சதுக்கத் திடல் இன்றைய பெயரைப் பெற்ற 1990ஐ ஒட்டியது அல்லது அதற்குப் பிற்பட்டது. ஆனால் கோபுரம் இல்லை என்பதால் மட்டும் படம் பழையதாகிவிடாது. பழமை தோன்ற வேண்டும் என்று அதை விட்டுவிடும் ஓவியர்களும் உண்டு. பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு இன்று தீட்டுவோரும் உண்டு.

அடுத்து மனிதர்கள். ஓவியரின் மனச்சாய்வு வெளிப்படுவது இங்கேதான். பிரான்ஸில் குஸ்தாவ் கூர்பே 1849இல் சாலையோரம் கல்லுடைப்பவர்களைப் பெரிய கித்தானில் வரைந்தபோது, யார் ஓவியத்துக்கு உரியவர் என்ற வழக்கத்தையே உடைத்தார். அந்த அளவுகோலைக் கோலாலம்பூருக்கும் பொருத்தலாம். திடலில் கிரிக்கெட் ஆடும் வெள்ளுடைக்காரர்கள் துல்லியமாக இருக்கிறார்கள். மாட்டுவண்டிக்காரருக்கு முகம் இருக்கிறதா? 1881இன் தீக்கும் வெள்ளத்துக்கும் பிறகு செங்கல்லால் எழுந்த நகரம் இது. சூளைகள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் பின்னர் ரயில்வே குடியிருப்பாகி, தமிழர் வாழும் இடமாயிற்று. 1886இல் கிள்ளான் பக்கம் ஓடத் தொடங்கிய ரயில் பாதையிலும் சாலைகளிலும் தமிழ்த் தொழிலாளர் உழைப்பு நிறையவே உண்டு. அவர்களை வெறும் நிழல்களாக ஓரத்தில் ஒதுக்கும் படம், கட்டடத்தில் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அரைகுறை யதார்த்தமே. தமிழர் என்றாலே கூலி என்று வரைவதும் பிழை. 1884இல் தொடங்கிய, திடலை ஒட்டிய சிலாங்கூர் கிளப்பின் தொடக்க கால உறுப்பினர்களில் கே. தம்புசாமிப் பிள்ளையும் ஒருவர்.

சுதந்திர நாள் ஓவியங்களுக்குத் தனிக் கவனம் தேவை. 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது இந்தத் திடலில். துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்ததோ மறுநாள் காலை, மெர்டேக்கா அரங்கில். சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு முன் நின்று அவர் பிரகடனம் வாசிப்பதாகத் தீட்டியிருந்தால், அந்தப் படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளக் கூடாது.