கூந்தல் காட்டும் கணக்கு

சங்கரன்கோவில் கோயிலில் பாம்பு, தேள் ஆகியவற்றின் தகட்டு உருவங்களை வாங்கி உண்டியலில் இடுவோரையும், புற்றுமண்ணை மருந்தாக எடுத்துச் செல்வோரையும் இன்றும் காண்கிறோம். நஞ்சுக்கு ஓர் உருவம் உண்டு என்பது நம் மரபின் எண்ணம். ஆனால் உருவம், மணம், சுவை எதுவுமின்றி உண்ணும் மீனிலேயே தங்கிவிடும் நஞ்சும் உண்டு. அது மெத்தில் பாதரசம். அதை மனித உடலில் அளக்கக் கற்ற வரலாறு, அறிவியலுக்கு மட்டுமன்றி அறத்துக்கும் உரியது.

1956 மே 1 அன்று, ஜப்பானின் மினமாட்டா நகரில் இருந்த சிஸ்ஸோ ஆலையின் மருத்துவமனை, காரணம் தெரியாத நரம்பு நோயொன்றைச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தது. நோயுற்றவர்களுக்குக் கைகால்கள் மரத்தன, பார்வை குறுகிற்று, பேச்சு குழறிற்று. மீன் தின்ற பூனைகளும் சுழன்று விழுந்து மாண்டன. 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தனர். ஆலைக் கழிவில் கலந்த அந்த நஞ்சு, சிறு உயிர்களிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் செறிந்துகொண்டே ஏறியிருந்தது.

அதனை அளக்க உதவியது தலைமுடி. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது, வளரும்போதே இரத்தத்திலுள்ள மெத்தில் பாதரசத்தைத் தன்னுள் கட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு முடியில் சேரும். 1960 முதல் அக்கடலோர மக்களின் முடி சோதிக்கப்பட்டது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அளவைச் சுற்றியே இன்று எச்சரிக்கை தொடங்குகிறது. அங்கே ஒரு பெண்ணின் முடியிலோ 920 பங்கு இருந்தது. ஆயினும் அந்த எண்களால் ஆலையை நிறுத்த இயலவில்லை. நஞ்சை ஈன்ற உற்பத்தி 1968 மே வரை நடந்தது. அரசு உண்மையை ஒப்புக்கொண்டது அவ்வாண்டு செப்டம்பரில்தான்.

1971-72இல் ஈராக்கில், பாதரச மருந்து பூசிய விதைக்கோதுமையை ரொட்டியாக்கி உண்டு 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்ந்தனர். 459 பேர் அங்கே இறந்தனர். தாய்மாரின் நீண்ட கூந்தலைத் துண்டு துண்டாகச் சோதித்த ஆய்வாளர்கள், கருவுற்றிருந்த எந்த மாதத்தில் எவ்வளவு நஞ்சு புகுந்தது என்பதைக் கணித்தனர். கூந்தல் ஒரு நாட்குறிப்பாயிற்று.

நமக்கு அணித்தான சான்று கொடைக்கானல். 1984இல் இயங்கத் தொடங்கிய அவ்வூர் வெப்பமானி ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. ஐதராபாத் அணுசக்தித் துறை ஆய்வகத்தார், கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றை ஆராய்ந்து, பேரிஜம், குக்கல் ஏரிகளோடு ஒப்பிட்டு, ஆலையின் பாதரசம் ஏரியை மாசுபடுத்தியது என்று 2006இல் எழுதினர். முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் 2016இல் உடன்பாடு செய்துகொண்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆலையில் மூச்சோடு சென்ற பாதரச ஆவியைச் சிறுநீர் காட்டும்; மீனோடு சென்றதை அது அவ்வளவாகக் காட்டாது. அதற்கு இரத்தமும் முடியும் வேண்டும். தவறான மாதிரியைச் சோதித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று சொல்வது எளிது.

கடலற்ற நம் ஊர்களும் கடல்மீனை உண்கின்றன. மீனை விலக்கச் சொல்லவில்லை; அது ஏழையின் சத்துணவு. நெத்திலியிலும் சாளையிலும் பாதரசம் குறைவு. பிற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் சுறாவில் மிகுதி. கருவுற்ற பெண்கள் இவ்வேறுபாட்டை அறிவது நலம்.

சோதனை என்று யாரேனும் சொன்னால் இரண்டு வினாக்களை நாம் எழுப்பவேண்டும். எதைச் சோதித்தீர்கள்? முடிவை முடிக்கு உரியவரிடம் சொன்னீர்களா?