மறித்தலும் வழிவிடுதலும்: நயினாதீவு, நெடுந்தீவுத் தொன்மக் கதைகள் காட்டும் கடல்வழி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

யாழ்ப்பாணத் தீவுகளில் வழங்கும் தொன்மக் கதைகள் பெரும்பாலும் ஓர் அரசன், ஒரு குலம் அல்லது ஒரு சமயத்தின் தொன்மையை நிறுவும் சான்றுகளாகவே கையாளப்பட்டுள்ளன. அவை சான்றளிப்பது ஆட்களுக்கு அன்று, கடல்வழியின்மீது நிலவிய ஓர் உறவுக்கே என்பதை இக்கட்டுரை நயினாதீவுக் கல்வெட்டின் துணையுடன் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நயினாதீவு, நெடுந்தீவு, வெடியரசன், கண்ணகி வழக்குரை, நாகர் தொன்மம்.

முன்னுரை

பாக்குநீரிணையின் தென்பகுதியில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் சிதறிக் கிடக்கும் தீவுகளுள் நெடுந்தீவு பெரியது. நயினாதீவு மிகச் சிறியது. இவற்றைச் சூழ்ந்த கடல் ஆழமற்றது, பார்கள் நிறைந்தது. தமிழகக் கரையிலிருந்து ஊர்காவற்றுறையை நாடிய மரக்கலங்கள் இத்தீவுகளை ஒட்டியே செல்ல வேண்டியிருந்தது. இந்த நில அமைப்பை மனத்திற்கொண்டு தீவுக் கதைகளை நோக்கினால், தனித்தனியாகத் தோன்றும் அவை ஒரே கட்டமைப்பைக் கொண்டிருப்பது புலனாகும்.

மூன்று கதைகள்

முதலாவது, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் வரலாறு. அம்மனை வழிபடப் புளியந்தீவிலிருந்து பூவைக் கவ்விக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் வழிமறித்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த சோழநாட்டு வணிகன் ஒருவன் கருடனிடம் இறைஞ்சினான். வணிகன் அம்மனுக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்னும் உடன்பாட்டின்பேரில் கருடன் விலகியது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு பாறைகளைத் தீவு மக்கள் இன்றும் சுட்டிக்காட்டுகின்றனர்.

இரண்டாவது, வெடியரசன் கதை. கண்ணகியின் சிலம்பினுள் இருந்தது மாணிக்கம் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அம்மணியைக் கொணர்ந்த கடற்பயணத்தை அது பாடவில்லை. ஈழத்துக் கண்ணகி மரபு அதனைப் பாடுகிறது. கண்ணகி வழக்குரையின் ‘கப்பல் வைத்த காதை’, ‘கடலோட்டு காதை’ ஆகிய பகுதிகளில், சிலம்புக்குரிய நாகமணியைத் தேடி மீகாமன் கப்பலேறுகிறான். வெடியரசன் அவனை இடைமறிக்கிறான். மீகாமன் அவனோடும் அவன் தம்பியரோடும் பொருதே மணியுடன் மீள்கிறான். இந்த வெடியரசனின் இருப்பிடம் நெடுந்தீவு என்பது யாழ்ப்பாண வழக்கு.

மூன்றாவது, பௌத்த மரபு. நாகதீபத்தில் மணியிழைத்த ஆசனத்திற்காக மாமனும் மருகனுமாகிய நாக அரசர் இருவர் பொருதனர் என்றும் புத்தர் அவர்களை அமைதிப்படுத்தினார் என்றும் மகாவம்சம் கூறுகிறது. மணிமேகலையில் மணிபல்லவத்துப் புத்த பீடிகையைப் பற்றி ஏறத்தாழ இதே செய்தி வருகிறது. மணிபல்லவம் நயினாதீவே என்பார் உளர், மறுப்பாரும் உளர். இக்கட்டுரையின் வாதம் அந்த அடையாளப்படுத்தலைச் சார்ந்ததன்று.

கல்வெட்டின் சான்று

நயினாதீவுக் கோயிலில் உள்ள, முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) தமிழ்க் கல்வெட்டைக் கா. இந்திரபாலா படித்து வெளியிட்டுள்ளார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையிலேயே வந்து தங்க வேண்டும். அவர்களுக்குக் காவல் அளிக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவருக்கும் உரியன. வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்தைச் சேரும்.

உடைந்த கலத்தின் பொருளுக்குப் பங்கு வகுக்க ஓர் அரசாணை தேவைப்பட்டது என்றால், அப்பொருளின்மீது பலரும் உரிமை பாராட்டும் நிலை இருந்திருக்க வேண்டும். இந்தப் பின்புலத்தில் கதைகளை மீண்டும் படிக்கலாம். விலைமதிப்பற்ற பொருள் ஒன்று கடல்வழியே வருகிறது, அல்லது அதற்காகக் கலம் செல்கிறது. வழியை ஒருவர் மறிக்கிறார். வணிகனோ அவன் பொருட்டுச் செல்பவனோ அதற்கொரு தீர்வு காண்கிறான். நாகபூசணி கதையில் தீர்வு இரத்தலாலும் பொருட்செலவாலும் அமைகிறது. வெடியரசன் கதையில் போரால் அமைகிறது. பௌத்தக் கதையில் வணிகன் இல்லை. எனினும் மணிக்கான பூசலும் அதைத் தீர்க்கும் அறவுரையும் உள்ளன. கல்வெட்டில் தீர்வு ஆணையாக வருகிறது.

மீகாமன் என்னும் பெயரும் கருதத்தக்கது. அது கலத்தைச் செலுத்துவோனைக் குறிக்கும் பழந்தமிழ்த் தொழிற்பெயர். கதை ஒரு தனியாளைக் காட்டிலும் கடலோடி என்னும் நிலையையே நினைவிற் கொண்டுள்ளது எனலாம்.

மறுப்பும் எல்லையும்

நாகம் மணியைக் காப்பது பாரத நாட்டுக் கதைகள் எங்கும் காணப்படும் கூறு. அதைக்கொண்டு ஓர் இடத்தின் வரலாற்றை எழுதலாமா என்ற வினா எழக்கூடும். வினா நியாயமானதே. எனினும் இங்குத் தனித்தன்மை மணியில் இல்லை. நடுக்கடலில் நிகழும் மறிப்பிலும் அதற்குக் கொடுக்கப்படும் ஈட்டிலுமே உள்ளது. கல்வெட்டு கதைகளின் காலத்தை நிறுவாது என்பதையும் ஏற்க வேண்டும். அத்தகைய கதைகள் பொருள் பெறக்கூடிய சமூகச் சூழலையே அது காட்டுகிறது.

இந்த எல்லையை மறந்தால் விளையும் சிக்கலுக்கு நெடுந்தீவே எடுத்துக்காட்டு. அங்கு மக்கள் ‘வெடியரசன் கோட்டை’ என வழங்கும் இடிபாடுகளைத் தொல்லியலாளர் பௌத்தத் தூபியின் எச்சங்கள் எனக் கருதுவர். ஒருசாரார் கோட்டைப் பெயரைக்கொண்டு தூபியை மறுக்கின்றனர். மறுசாரார் தூபியைக்கொண்டு தீவு மக்களின் நினைவைப் பொய்யென ஒதுக்குகின்றனர். கட்டடம் எழுந்த காலத்தின் சான்று வேறு; அதற்கு மக்கள் பெயரிட்ட காலத்தின் சான்று வேறு. இரண்டும் ஒரே இடத்தின் இரு படிவுகள். மணிமேகலையைத் தந்த மொழிக்குப் பௌத்தத் தூபி அயலானதும் அன்று. அதுபோன்றே, வெடியரசனை முக்குவராகவும் மீகாமனைக் கரையாராகவும் கொண்டு இக்கதையைக் குலப்பெருமைக்குச் சான்றாக்குவோர், கடலில் வாழ்ந்த இரு சமூகங்களுக்கிடையே நிலவிய போட்டியை வெற்றி தோல்விக் கணக்காகச் சுருக்கிவிடுகின்றனர்.

முடிவுரை

தீவுக் கதைகளிடம் ‘இவன் இருந்தானா’ என்று கேட்பதைவிட ‘இவ்வழியை யார் மறித்தனர், என்ன பெற்று வழிவிட்டனர்’ என்று கேட்பதே பயனுடையது. முன்னைய வினாவுக்கு அவை தரும் விடை ஐயத்திற்குரியது. பின்னைய வினாவுக்கு அவை தரும் விடையோ பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டு காட்டும் கடல் வாணிகச் சூழலோடு பொருந்துகிறது. வாய்மொழி மரபைக் கல்வெட்டோடும் தொல்லியலோடும் எதிர்நிறுத்தாமல் இணைத்துப் படிக்கும் இம்முறை, புங்குடுதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றின் கதைகளுக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும்.