கிண்டி லேத்தும் பெட்ரோல் குடிச்ச காரும்

கிண்டி தொழிற்பேட்டை 1958ல வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைஞ்சு கொடுக்கிற சின்னப் பட்டறைகள் அங்கே ஏராளம். எங்க சித்தப்பா அப்படி ஒண்ணுல லேத் ஓட்டினார்.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. கம்மியா பெட்ரோல் குடிக்கும். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1985ல 'ஸ்டாண்டர்ட் 2000' சொகுசுக் காரை இறக்கியது. உடம்பு புதுசு, இன்ஜின் 1940கள் காலத்து வான்கார்ட் வம்சம். பெட்ரோலை மொடாக்குடியா குடிச்சது. (நம்ம பம்புசெட்டே தேவலைங்க.) 1988ல உற்பத்தியே நின்னுபோச்சு.

கார் ஆலைக்குப் பூட்டு போட்டா பேப்பர்ல வரும். ஆர்டர் நின்ன பட்டறை எதுலயும் வராது. சித்தப்பா பட்டறைக்கும் ஒருநாள் ஆர்டர் நின்னது. சம்பள பாக்கியோட ஊர் வந்தவர், டீசல் இன்ஜின் ரிப்பேர் பாத்தே மகளைக் கட்டிக்கொடுத்தார்.

இப்பவும் யார் புதுக் காரோட வந்தாலும் அவர் கேக்கறது ஒண்ணுதான்: "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தம்பி?"